உள்ளே விட்ட தண்ணீர்

படகுக்குள் தண்ணீரை விட்டுவிட்டுக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஓட்டை எங்கே இருக்கிறதென்று படகே சொல்லிவிடும் என்று இணையத்தில் படகு திருத்திக் காட்டுகிற அந்தத் தாடிக்காரர் சொன்னதைக் குணநாயகம் பலதடவை கேட்டிருந்தார். கேட்டுத் தலையாட்டியும் இருந்தார். ஆயினும் ஹோஸின் வாயை அலுமினியத் தரையில் வைத்துக் குழாயைத் திறந்த கணத்தில், செய்யத் தகாத ஒன்றைச் செய்துவிட்டவரைப்போல அவருடைய கை தானாகப் பின்னுக்கு வந்தது. முதலில் தகரக் கூரையில் மழை விழுகிற பேரோசை. பிறகு தண்ணீர் தண்ணீரின்மேல் விழத் தொடங்கியதும் ஓசை தடித்துத் தாழ்ந்தது. அந்தத் தாழ்ந்த ஓசைதான் அவருக்குப் பிடிக்கவில்லை. வள்ளத்தின் அடியில் தண்ணீர் கிடந்து புரளும்போது எழும் ஓசை அது. சண்டைக்குத் தப்பி மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம் வந்த இரவில் விடியும்வரை காலடியில் கேட்டுக்கொண்டிருந்த ஓசை. அலை தெறித்து விழுந்த தண்ணீர் என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். இன்று அவரே குழாயைத் திறந்து, அவரே ஊற்றிக்கொண்டிருக்கிறார், ஸ்காபரோவில், சொந்த வீட்டின் முன்னால், காரும் பனிவாரும் இயந்திரமும் நிற்கவேண்டிய டிரைவ்வேயில், ட்ரெய்லரின்மேல் ஏறி நிற்கும் ஒரு கிழட்டு அலுமினியப் படகுக்குள். கணுக்கால் அளவுக்குமேல் விடக்கூடாது, பாரம் தாங்காது என்று தாடிக்காரர் எச்சரித்திருந்தார். கணுக்கால் அளவு வந்ததும் குழாயை மூடினார். தெரு திடீரென்று அமைதியாயிற்று. நாளைக்கு ஆடி அமாவாசை. மனைவி தவமலர் விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் வாங்கத் தமிழ்க் கடைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் படகு ஒழுகாது என்பது அவருக்குத் தெரிந்தாகவேண்டும். ஒழுகுமானால், அவள் வருவதற்குள் அது ஒழுகாமல் ஆகவேண்டும்.

படகின் முன்பக்கத்திலிருந்து தொடங்கினார். முழங்கால் சிப்பி கரகரக்க ட்ரெய்லருக்கு அடியில் தவழ்ந்து, வரிசை வரிசையாக நிற்கும் ரிவெட் ஆணிகளின் குமிழ்த் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். தலை காய்ந்திருக்கிறது, அடுத்தது காய்ந்திருக்கிறது, அடுத்தது விரலில் ஈரம், விரலைத் துடைத்து மறுபடி தடவினார், தன்னுடைய வியர்வை. இந்தத் தலைகளில் பாதிக்குமேல் அவர் அடித்தவை. படகை விற்றுவிட்டு மகனோடு போய்விட்ட தெருமுனைக் கிழவர், இதில் ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஆணி இறுக்கவேண்டும், பின்பலகை மாற்றவேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார். கார்க் கதவுக்குக் கைப்பிடி பூட்டியே வேலைக்காலத்தை முடித்த ஒருவருக்கு ஆணி இறுக்குவது பெரிய காரியமா என்று குணநாயகமும் நினைத்தார். தொழிற்சாலையில் ஆணி இறுக்கியது இயந்திரம் என்பதை அவர் நினைக்கவில்லை. இந்த ரிவெட்டை வெளியே நின்று சுத்தியலால் அடிக்கும்போது, உள்ளே அதன் வாலுக்கு இன்னொருவர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கவேண்டும். அப்போதுதான் வால் நசிந்து பூவாக விரிந்து உலோகத்தைக் கவ்வும். இரண்டு பேர் செய்கிற வேலை. அவரிடம் ஒருவர்தான் இருந்தார். இடது கையை விளிம்புக்கு மேலால் உள்ளே விட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வெளியே குருட்டடி அடித்தார். கை எட்டாத இடத்தில் இரும்பின்மேல் மண்மூட்டையை வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் மூட்டை துள்ளிற்று. தவமலரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் படகு இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் அதைத் தொட்டதில்லை. உடுப்புக் கொடியை வேலியின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். எதிர்வீட்டு வின்ஸ்டன், ஜமைக்காக்காரர், காலையில் நாயோடு போகும்போது, படகுக்குள் தண்ணீர் விட்டுப் பார்க்கப்போவதாக இவர் சொல்லக் கேட்டு நின்று, மீன் எப்போது விடப்போகிறாய் என்று கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த உலகத்தில் தண்ணீர் படகுக்கு வெளியேதான் இருக்கும் என்று சொல்லி நாயைப் பார்த்துக் கண்ணடித்துப் போனார். குணநாயகமும் சிரித்தார். சிரித்த வாய் இன்னும் கோணியபடி இருப்பதாக இப்போது அவருக்குத் தோன்றியது.

உள்ளேயிருந்து தண்ணீர் வெளியே வருகிற வழிதான் வெளியேயிருந்து உள்ளே போகிற வழியும். இதை முதலில் கேட்டபோது எவ்வளவு எளிமை என்று வியந்தார். இப்போது தலைக்கு மேல் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கையில் அது எளிமையாக இல்லை. அந்த இரவில் வள்ளத்தில் எத்தனை பேர் என்பது சொல்லுகிறவரைப் பொறுத்தது. மைத்துனன் சபேசன், தவமலரின் தம்பி, அப்போது சின்னப் பெடியன். அவன் சொல்லும்போது ஆட்கள் வருடத்துக்கு வருடம் பெருகினார்கள். அவனுடைய கதையில் இயந்திரம் இருமுறை நின்றது, நேவியின் வெளிச்சம் வள்ளத்தைத் தடவிக்கொண்டு போனது. குணநாயகத்தின் கதையில் இயந்திரம் ஒருமுறைதான் நின்றது, வெளிச்சம் தூரத்தில் எங்கேயோ தெரிந்தது, அது மீன்பிடி வள்ளமாகவும் இருக்கலாம். இரண்டு கதையிலும் மாறாமல் இருந்தது மாமனார்தான்: இந்த முறை இடமில்லை, அடுத்த நடையில் வாறன் என்று கரையில் நின்றுகொண்டு, இருட்டில் அடையாளம் தெரியட்டும் என்று சுருட்டின் நெருப்பைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிய மாமனார். அதே வள்ளம் திரும்பிப் போய் அடுத்த நடையை ஏற்றியது. அந்த நடை வந்து சேரவில்லை. நேவி சுட்டது என்றார்கள். பலகைகூடக் கரையொதுங்கவில்லை. குணநாயகத்தின் கதையில் மட்டும் வருகிற இடம் ஒன்று உண்டு. கலியாண வீடுகளில் ஆட்கள் கேட்டு வாங்கிச் சிரிக்கிற இடம். "எங்கட தவமலர் பயத்தில உறைஞ்சுபோனா. ஒரு காலை எடுத்து மற்றப் பக்கம் வைக்கேல்லை. ராமேஸ்வரத்தில மூட்டை மாதிரித் தூக்கித்தான் இறக்கினது." தவமலரும் சிரிப்பாள். அவள் சொல்கிற கதை என்று ஒன்று இல்லை. கேட்பவர்களிடம், "அவர் சொல்லுவார், கேளுங்கோ," என்பாள். பின்பு வருடா வருடம் ஆடி அமாவாசைக்குக் கோயில் மண்டபத்தில், கடல் என்று பாவித்து வைத்திருக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்று, தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வருவாள். போன கோடையில் ஒருநாள், படகைக் கண்ணால் பார்க்காமல், "இது தண்ணியில போகுமோ?" என்று கேட்டாள். போகும் என்றார். "அப்ப அடுத்த ஆடி அமாவாசைக்கு என்னை நடு ஏரிக்குக் கொண்டுபோங்கோ. தொட்டிக்குள்ள விட்டு விட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

சட்டைப்பையில் போன் துடித்தது. தலையைத் தூக்கியவர் ட்ரெய்லரின் இரும்பில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"அத்தான், கப்பல் என்ன மாதிரி? மிதக்குமோ, இல்லாட்டி நான் நீந்தப் பழகிக்கொண்டு வரட்டோ?"

"நீ உன்ர வேன்ல ட்ரெய்லர் இழுக்கிற கொக்கி சரியா இருக்கோ எண்டு பார், சபேசன். கப்பலை நான் பாக்கிறன்."

"தண்ணி விட்டுப் பாத்தாச்சோ?"

"ஓம்."

"ஒழுக்கு?"

நெற்றி வலித்தது. அப்போது அவர் படகின் முன்பாதியை மட்டுமே பார்த்திருந்தார். "ஒரு சொட்டும் இல்லை," என்றார்.

"சோக்கு. அக்கா மனம் மாறேல்லையோ?"

"அவ காத்தோட்டிக்காய் வாங்கப் போயிட்டா."

"அப்ப வரத்தான் போறா." மைத்துனனின் குரலில் இருந்த பகிடி சற்று இறங்கிற்று. "சரி அத்தான், விடிய வாறன். அக்காவுக்கு நல்ல லைஃப் ஜாக்கெட்டா ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன். நிறம்தான் கொஞ்சம் மோசம், திருவிழாவில கச்சான் கடலை விக்கிறவ மாதிரி இருப்பா."

ஒரு சொட்டும் இல்லை. சொல்லியாகிவிட்டது, இனி அது உண்மையாக இருக்கவேண்டியது படகின் பொறுப்பு. நடுப்பகுதிக்கு நகர்ந்தார். வலதுபுறம் முழுவதும் பார்த்தார். பார்த்ததையே மறுபடி பார்த்தார். பின்பக்கத்தின் வலது மூலை காய்ந்திருந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, ஹோஸை ஒழுங்காகச் சுருட்டி வைத்தார். சுருட்டியது வட்டமாக இல்லையென்று அவிழ்த்து மறுபடி சுருட்டினார். கண் எல்லா இடத்துக்கும் போயிற்று, பின்பக்கத்தின் இடது மூலைக்கு மட்டும் போகவில்லை. அங்கேதான் தகடு இருக்கிறது. நடு ஏரிக்கு வருவதற்குத் தவமலர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. ஐயரிடம் சொல்லிச் செப்புத் தகட்டில் எழுத்து எழுதுவித்து, பூசையில் வைத்து எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். "வீட்டுக்கு அத்திவாரத்தில வைக்கிற மாதிரி இதை அடியில வையுங்கோ. மேல பலகை போட்டு மூடுங்கோ. இது கிடந்தால் நான் ஏறுவன்." அவர் அப்படியே வைத்தார். துணியைக்கூட எடுத்துவிட்டார், துணி உக்கி நாறும் என்று. அடி என்றால் அடியாகவே இருக்கட்டும் என்று அலுமினியத்தோடு ஒட்டிப் படிய அழுத்தி, மேலே பலகையைத் திருகாணியால் முடுக்கி மூடினார். கைகூப்பவும் செய்தார். பனிக்காலம் முழுவதும் படகு தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. பனி உருகி உருகி அந்த மூலையில் தேங்கி நின்றது. மாசி மாதத்தில் ஒருநாள், பேஸ்மென்டில் போர்வைக்குள் இருந்து பார்த்த இன்னொரு காணொளியில், அதே தாடிக்காரர் விரலை ஆட்டிச் சொன்னார்: அலுமினியத்துக்குக் கிட்டச் செம்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஈரத்தில் இரண்டும் ஒட்டிக் கிடந்தால் செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும், ஒரு செப்புக் காசு தவறி விழுந்து கிடந்த இடத்தில் காசளவு ஓட்டையைக் கண்டிருக்கிறேன். குணநாயகம் காணொளியை நிறுத்தினார். தகடு சின்னது என்று நினைத்தார். காசு அதைவிடச் சின்னது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பங்குனியில் கழற்றிவிடலாம் என்று நினைத்தார், பங்குனியில் சித்திரை என்று நினைத்தார். கழற்றினால் அவளிடம் சொல்லவேண்டும். சொன்னால், காவலுக்கு வைத்த பொருளே வள்ளத்தைத் தின்றது என்று அவள் விளங்கிக்கொள்வாள். அதற்குமேல் உலகத்தில் எந்த வள்ளத்திலும் எந்தத் தண்ணீரிலும் கால் வைக்கமாட்டாள். தொட்டி. வருடா வருடம் அந்த நீலத் தொட்டி. சொல்லாமல் கழற்றினால், இல்லாத தகட்டை நம்பி அவள் ஏறுவாள். கழற்றாமல் விட்டால். கழற்றாமல் விட்டதுதானே இப்போது நடந்திருக்கிறது.

சொட்டு விழுந்த சத்தம் கேட்டது என்று சொல்வது பொய்யாகும். சொட்டுக்கு அவ்வளவு சத்தம் இல்லை. தாரில் ஈரத்தைத்தான் முதலில் கண்டார், கைக்குட்டையளவு கறுப்பு, ஓரம் மெல்ல மெல்ல விரிகிற கறுப்பு. அண்ணாந்து பார்த்தார். இடது மூலையில் ஒரு ரிவெட்டின் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பொடியின் நடுவில் நீர் திரண்டு, கனத்து, அறுந்து விழுந்தது. மறுபடி திரண்டது. விரலை வைத்து அழுத்தினார், நின்றது. எடுத்தார், திரண்டது. பசையை அப்பிவிட்டால் என்ன? வெளியே அப்பி வண்ணமும் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஏரியில் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறோம், போய், எள்ளும் தண்ணீரும் விட்டு, திரும்புகிற நேரம், அதற்குள் ஒரு சட்டி தண்ணீர் வருமா, வரட்டும், அலை தெறித்தது என்று சொல்லலாம். அலை தெறித்த தண்ணீர். அன்றும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஏரி நடுவில் அவள் கண்ணை மூடிக் கையேந்தி நிற்கும்போது காலடியில் அந்தத் தாழ்ந்த ஓசை கேட்கும்; அவள் கண்ணைத் திறந்து தன்னைப் பார்ப்பாள்; அப்போது தன் முகம் எப்படி இருக்கும்? கராஜுக்குள் ஓடிப் பசைக்குழாயை எடுத்தார். மூடி திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திருகினார். விரலெல்லாம் வெள்ளையாக, மறுபடி அடியில் புகுந்து, ஈரத்தில் பசை பிடிக்காது என்று தெரிந்துகொண்டே அப்பினார். பசை வழுகி மார்பில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் அப்பினார்.

"இஞ்சேருங்கோ, உந்த வெயிலுக்க படுத்திருந்து என்ன தவம் செய்யிறியள்?"

செருப்புப் போட்ட இரண்டு பாதங்கள் ட்ரெய்லருக்கு அப்பால் வந்து நின்றன. பக்கத்தில் கடைப்பை இறங்கியது.

"காத்தோட்டிக்காய் இல்லையெண்டுதான் நினைச்சன். கடைக்காரன் உள்ளுக்க ஒளிச்சு வைச்சு, முகம் பாத்துக் குடுக்கிறான், ஏதோ கஞ்சா விக்கிற மாதிரி." பிறகு குரல் சற்று உயர்ந்தது. விளிம்புக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள் போலும். "வள்ளத்துக்க ஏன் தண்ணி?"

"சும்மா, கழுவினனான்."

பாதங்கள் பின்பக்கமாக நடந்தன. ஈரம் தெரிந்த இடத்தில் நின்றன. முழங்கால் மடிந்தது, தவமலரின் முகம், கண்ணாடி மூக்கில் சரிய, அவருடைய முகத்துக்கு நேரே தாழ்ந்து வந்தது.

"கழுவின தண்ணி ஏன் கீழால வருது?"

சொல்லிவிட்டார். மல்லாந்து கிடந்தபடி, மார்பில் பசையோடு, செம்பு அலுமினியத்தைத் தின்னுமாம் என்றும், மாசியிலேயே தெரியும் என்றும், அது கிடந்தால்தானே ஏறுவன் எண்டனீர் என்றும், சபேசனுக்கு ஒழுக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன் என்றும், வரிசை தப்பி, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை. சொட்டையே பார்த்தாள். கையை நீட்டி, அதற்குக் கீழே விரலைப் பிடித்தாள்.

"இந்த அளவுதான் அதுவும்," என்றாள்.

"எது?"

"அந்த வள்ளத்தில. குதிக்காலுக்குக் கீழ."

அவர் எழ முயன்றார்; இரும்பு மறித்தது.

"ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறனீங்கள், நான் பயத்தில காலை எடுக்கேல்லையெண்டு. எடுத்தாத் தண்ணி வரும். அதுதான் எடுக்கேல்லை."

"தவமலர்... ஒரு சொல்லு எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? ஓட்டை எண்டு ஒருத்தர் சொன்னா எல்லாரும் எழும்புவினம். வள்ளம் பிரண்டுபோம். விடியுமட்டும் அமத்திக்கொண்டு இருந்தன். பிறகு கால் விறைச்சுப்போச்சு, நீங்கள் தூக்கி இறக்கினீங்கள். இறங்கினவுடன ஓட்டிக்குச் சொன்னனான். 'தம்பி, பின்பக்கம் ஓட்டை கிடக்கு.' 'ஓம் அக்கா, அடைச்சுப்போட்டுத்தான் வெளிக்கிடுவன்' எண்டவன்." விரலில் சொட்டு விழுந்தது, அவள் அதை உதறவில்லை. "அடைச்சானோ தெரியாது. போய், கரையில நிண்ட என்ர ஐயாவை ஏத்தினவன்."

"நேவியெண்டுதானே எல்லாரும்..."

"இருக்கும். நேவியாயும் இருக்கும். எனக்குத் தெரியாது. தெரியாததை என்னெண்டு சொல்லுறது? நீங்கள் சிரிக்கேக்க நானும் சிரிச்சுவிட்டன்."

மற்றக் கதைகளில் ஓட்டை என்ற சொல்லே இல்லை என்பதை அவர் நினைத்தார். இயந்திரம் நின்றதற்கும் வெளிச்சம் வந்ததற்கும் மல்லுக்கட்டிய இத்தனை காலத்திலும், காலடித் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளா? கண்ணுக்குள் சுருட்டு நெருப்பு ஒன்று உயர்ந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

தவமலர் எழுந்து நின்றாள். "தெரியாமல் மட்டும் என்னை ஏத்தாதேங்கோ. எங்க ஓட்டை எண்டு தெரிஞ்சால் ஏறுவன். தண்ணியைத் திறந்துவிட்டுட்டுப் பலகையைக் கழட்டுங்கோ."

படகின் வடிகால் அடைப்பானைப் பிடுங்கத் தண்ணீர் டிரைவ்வே வழியே தெருவுக்கு ஓடிற்று. பலகைக்குக் கீழே தகடு பச்சை பூத்துக் கிடந்தது. அதைச் சுற்றி அலுமினியம் அம்மைத் தழும்பாகக் குழிந்திருந்தது. ஒரு குழிதான் ஆணியோரம் வரை போயிருந்தது. தவமலர் தகட்டை வாங்கிச் சட்டை நுனியால் துடைத்து எழுத்து அழியவில்லையென்று பார்த்துக்கொண்டு, கைப்பையின் உள் அறையில் வைத்தாள். "இது நாளைக்கு என்ர மடியில வரும். தண்ணி அள்ள ஒரு சட்டியும் எடுத்து வையுங்கோ." அவர் பழைய ஆணியைத் துளைத்து எடுத்தார், பொடியைச் சுரண்டிக் காயத் துடைத்தார், தடித்த புது ரிவெட்டில் அலுமினிய வட்டு ஒன்றைக் கோத்து, பசை பூசி, கீழிருந்து செருகினார்.

"இவ்வளவு நாளும் உள்ளுக்க ஆர் பிடிச்சது?" என்றாள்.

"ஒருத்தரும் இல்லை. மண்மூட்டை."

"ம்ம். வள்ளத்தின்ர லட்சணம் விளங்குது." செருப்பைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் ஏறி, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் மூச்சு பெரிதாக வருவது அவருக்குக் கேட்டது. இறங்கிவிடுவாள் என்று நினைத்தார். ஒரு கால் உள்ளே போனது. தரையில் மிஞ்சிக் கிடந்த தண்ணீர் களக்கென்றது. பிறகு மற்றக் காலும் போனது.

அவர் அடியில் மல்லாந்து சுத்தியலைப் பிடித்தார். மேலே இரும்புக் கட்டி இழுபட்டு வந்து ஆணியின் வாலில் உட்காரும் சத்தம்.

"கையால பிடிக்காதேயும், நசியும். இரும்புக்கு மேல பாரம் குடுத்தாப் போதும்."

"காலால அமத்திறன். நீங்கள் அடியுங்கோ."

அடித்தார். மண்மூட்டையைப்போல் அது துள்ளவில்லை. கை முழுதும் அதிர்வு வந்து இறங்கியது. அலுமினியத்துக்கு அப்பால் அந்தக் குதிக்கால் அசையாமல் நின்றது. மறுபடி அடித்தார்.